தராசைத் தட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டது: விரிதாளில் தரக்கட்டுப்பாடு, நான்கு ஆண்டு அனுபவம்

இலங்கையின் வடக்கே, பரந்தன் பக்கத்தில் உள்ள சிறிய அரிசி ஆலை ஒன்றில் பொதியிடும் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில், முதலில் லிப்ரே ஓபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளிலும் பின்னர் எக்செலிலும், நாளாந்த எடைகளைப் பதிந்து பதிந்தே அதன் அடிப்படைகளைப் பழகிக்கொண்டேன். நான்கு காலபோகங்கள் கடந்துவிட்ட நிலையில், இந்த வழியில் கற்க விரும்பும் சிறிய ஆலைக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் 5 கிலோப் பொதிகளை நிரப்புகிறோம். நிரப்பும் பொறியில் ஒரு திருகாணி உண்டு. எந்த எடையில் அரிசி நிற்க வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். பொறியடியில் நிற்கும் அண்ணை இருபது ஆண்டுகளாக இதே வேலை செய்பவர். ஒரு பொதி கொஞ்சம் கூடினால் திருகாணியை இடப்பக்கம் திருப்புவார். அடுத்தது குறைந்தால் வலப்பக்கம் திருப்புவார். "தம்பி, கூடக் காட்டிச்சுது, அதுதான் ஒரு தட்டுத் தட்டி விட்டனான்" என்பார். அதைக் கவனமான வேலை என்றே நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

அரை மணித்தியாலத்துக்கு ஒரு பொதியை எடுத்து, தைப்பதற்கு முன் அரிசியை மட்டும் வேறு தராசில் நிறுத்து, கிராமில் எழுதிவந்தேன். முதல் மாதப் பதிவுகளில் பெரும்பகுதியைக் கழித்துவிட வேண்டியதாயிற்று. எடையோடு 'கி' என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டிய கலங்களை இடை காணும் சூத்திரம் ஓசைப்படாமல் விட்டுவிட்டது. நிறுக்காத நேரங்களுக்கு இட்ட பூச்சியங்களையோ உண்மை எடைகளாக எண்ணிக்கொண்டது. இன்னொரு நாள் எடை நிரலை மட்டும் தனியாக ஏறுவரிசைப்படுத்திவிட்டேன். நேர நிரல் இருந்த இடத்திலேயே இருக்க, காலையில் மெலிந்து மாலையில் கொழுத்த பொதிகளைக் கண்டு அரை நாள் காரணம் தேடினேன். அன்றிலிருந்து மூலப் பதிவு தனித் தாளில் பூட்டப்பட்டிருக்கிறது. கணக்கெல்லாம் வேறு தாளில்தான்.

அளவீடுகளை நேர வரிசையில் புள்ளிகளாக இட்டு, சராசரியில் ஒரு நடுக்கோடும் அதன் இருபுறமும் எல்லைக்கோடுகளும் வரைவதே கட்டுப்பாட்டு வரைபடம். அது புதிய சரக்கன்று. அமெரிக்கப் புள்ளியியலாளர் வோல்ட்டர் ஷூஹார்ட் 1924இல் ஒரு பக்கக் குறிப்பொன்றில் அதை முன்வைத்தார். எந்தச் செய்முறையிலும் இயல்பாகவே ஓர் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தையும், தனிக் காரணத்தால் வரும் விலகலையும் வேறுபிரித்துக் காட்டுவதே அதன் வேலை. இங்கே நான் விட்ட பிழையைப் பலரும் விடுவார்கள் என்று நினைக்கிறேன். எல்லா எடைகளையும் திரட்டி, விரிதாள் தரும் நியம விலகலை (எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) மூன்றால் பெருக்கி எல்லைக்கோடுகளை வரைந்தேன். 24 கிராம் விலகல் வந்தது. எல்லைகள் இருபுறமும் 72 கிராம் விரிந்துகிடக்க, ஒரு புள்ளியும் வெளியே விழவில்லை. மாதம் முழுவதும் நடுக்கோடே இடம்பெயர்ந்திருந்தால் அந்த இடப்பெயர்வும் நியம விலகலுக்குள் புகுந்து எல்லைகளை அகலமாக்கிவிடும். கள்ளனைப் பிடிக்கக் கட்டிய வேலிக்குள் கள்ளனும் சேர்ந்துவிட்டான். அடுத்தடுத்த இரு அளவீடுகளின் வித்தியாசங்களை எடுத்து, அவற்றின் சராசரியான நகரும் வீச்சை 2.66 ஆல் பெருக்குவதே தனி அளவீடுகளுக்குரிய முறை. எங்கள் சராசரி நகரும் வீச்சு அப்போது 21 கிராம். எல்லை 56 கிராமுக்கு இறங்கியது.

அந்த 21 கிராம் பொறியின் குணமா, திருகாணியின் வேலையா என்ற கேள்விக்கு விடை தந்ததுதான் இந்த நான்கு ஆண்டில் விரிதாள் எனக்குச் செய்த பேருதவி. ஒவ்வொரு விலகலுக்கும் திருத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் தம் பயிலரங்குகளில் புனலையும் கோலியையும் வைத்துக் காட்டிய பரிசோதனையை இரண்டு நிரல்களில் செய்துபார்த்தேன். முதல் நிரலில், யாரும் கைவைக்காத பொறியின் 200 பொதிகளை எழுந்தமான எண்களால் உருவாக்கினேன். இரண்டாவதில் அதே பொதிகள். ஆனால் முந்தைய பொதி எவ்வளவு விலகியதோ அவ்வளவையும் எதிர்ப்புறம் திருத்தும்படி சூத்திரம் எழுதினேன். மீள்கணிப்புச் செய்த ஒவ்வொரு முறையும் இரண்டாவது நிரலின் நியம விலகல் முதலாவதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்காகவே வந்தது. திருத்தத் திருத்த ஆட்டம் கூடியது.

அண்ணையிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. இரண்டு கோடுகளையும் திரையில் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் சும்மா நிக்கிறதோ?" என்று கேட்டார். இரண்டு கிழமைக்குத் தொடாமல் விட்டுப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டோம். சராசரி நகரும் வீச்சு 15 கிராமுக்கு வந்தது. எல்லை 40 கிராமாயிற்று. எந்தப் பொதியும் 5,000 கிராமுக்குக் குறையக்கூடாது என்பதற்காக 5,060இல் வைத்திருந்த நடுப்புள்ளியை 5,040க்கு இறக்க முடிந்தது. நாளொன்றுக்கு 600 பொதி என்றால், கணக்கில்லாமல் போய்க்கொண்டிருந்த 12 கிலோ அரிசி அது.

அதற்காக எப்போதுமே தொடக்கூடாது என்பதில்லை. கடந்த சிறுபோகத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டுக்குக் கீழே விழுந்தன. ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. தேடிப் பார்த்தபோது, புதிதாக வந்த வெறும் பைகள் பழையவற்றைவிட 12 கிராம் பாரமாக இருந்தன. பொறி பையின் பாரத்தையும் அரிசியாக எண்ணி நிரப்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் திருகாணிக்கு உண்மையான வேலை வந்தது.

மற்றக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முறைப்பாடுகளை எண்ணி இறங்குவரிசையில் வைக்கும் பரேட்டோ வரைபடத்துக்கு விரிதாள் நன்றாகவே உதவும்; எடைதான் பெரிய குறை என்று நான் நினைத்திருக்க, குறுணல் முதலிடத்தில் நின்றது. நெல்லைக் காயவிட்ட இடத்தின்படி பதிவுகளைப் பிரித்தபோது, கொதிக்கும் தார் வீதியில் அவசரமாகக் காய்ந்த நெல்லே கூடுதலாக உடைந்ததும் தெரிந்தது. ஒரு குறைக்கான காரணங்களைக் கிளை கிளையாக எழுதும் மீன்முள் வரைபடத்தை மட்டும் விரிதாளில் வரைய வேண்டாம். நாள்காட்டியின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும், அதைச் சுற்றி நான்கு பேர் நிற்கவும் இடம் இருக்கும்.

ஆயத்த வார்ப்புருக்களில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2.66 எங்கிருந்து வருகிறது என்று கேளாமலே கோடுகள் வந்துவிடும். எல்லை பிழைத்தாலும் கண்டுபிடிக்க வழியிராது. அடுத்த மாதம் எங்களுக்குப் புதிய தராசு வருகிறது. பழைய எல்லைகளை அழித்துவிட்டு, இருபத்தைந்து பொதிகளை நிறுத்த பின்னரே புதிய கோடுகளை வரைவதாக இருக்கிறோம். அதுவரை திருகாணியில் அண்ணை ஒட்டிய சிவப்பு நாடா அப்படியே இருக்கும்.