நிலவுக்கு யார் போக வேண்டும்? சித்தம்பூண்டிக் கல்லை முன்வைத்து ஓர் ஒப்பீடு

1997 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் சித்தம்பூண்டியில் வெளிறிய ஒரு கல் கிடைக்கிறது. அதன் பெயர் அனார்த்தசைட். இரவில் நிலவைப் பார்க்கும்போது வெண்மையாகத் தெரியும் மேட்டுநிலங்கள் இதே வகைப் பாறையால் ஆனவை. சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பாறைகளையும் நிலத்தையும் ஆராயும் நிலவியல் துறையின் துணையோடு சித்தம்பூண்டியிலிருந்தும் குன்னமலையிலிருந்தும் சுமார் 50 டன் பெங்களூருக்குச் சென்றது. சேலத்தில் நிலவியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நிலவை அறிய மனிதர்தான் போக வேண்டுமா, கருவியை அனுப்பினால் போதாதா?

கேள்வியை இப்படி இரண்டாகப் பிரிப்பதே சரியில்லை என்பது என் கருத்து. வழிகள் மூன்று இருக்கின்றன. மனிதர் நேரில் சென்று கல்லைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவது ஒன்று. கருவி அங்கேயே நின்று அளந்து, அளவுகளை மட்டும் அனுப்புவது மற்றொன்று. கருவியே மண்ணை அள்ளித் திரும்பி வருவது மூன்றாவது. எது சிறந்தது என்பது நாம் எதை அறிய விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. நிலவும் பூமியும் எப்படி உறவாயின என்பதே எனக்கு முதன்மையான கேள்வியாகையால், அந்த அளவுகோலை வைத்தே மூன்றையும் எடைபோடுகிறேன்.

1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் பன்னிரண்டு பேர் நிலவில் இறங்கி, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றிலுள்ள ஆக்சிஜனின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகளின் விகிதம் (ஐசோடோப்பு விகிதம்) பூமியின் பாறைகளோடு ஒத்துப்போனதும், அவற்றில் இரும்பும் எளிதில் ஆவியாகும் தனிமங்களும் குறைந்திருந்ததும் சேர்ந்துதான், இளம் பூமியின்மேல் பெரிய கோள் ஒன்று மோதிச் சிதறியதில் நிலவு உருவானது என்ற கருத்துக்கு வலுவூட்டின. அந்த 382 கிலோவில் நான் மிகவும் மதிப்பது 269 கிராம் எடையுள்ள ஒரு துண்டை. 1971 ஆகஸ்ட் 1 அன்று அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர் பள்ளத்தின் அருகே அதைக் கண்டார்கள். அது அனார்த்தசைட், வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல். விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தை வைத்து ‘ஆதியாகமக் கல்’ என்று அதற்குப் பெயர் வந்தது. உருகிய பாறைக்குழம்பு கடல்போல நிலவை மூடியிருந்த காலத்தில், பாலில் ஆடை மிதப்பதுபோல இலகுவான படிகங்கள் மேலே மிதந்து இறுகிய முதல் மேலோட்டின் துண்டாக அது கருதப்படுகிறது.

அதைக் கண்டெடுத்தவர்கள் இருவரும் விமானிகள், நிலவியலாளர்கள் அல்லர். ஆனால் பயணத்துக்கு முன் லீ சில்வர் என்ற நிலவியல் பேராசிரியர் அவர்களைக் கலிபோர்னியாவின் மலைகளில் அலையவிட்டுப் பாறைகளை வாசிக்கப் பழக்கியிருந்தார். எனவே அவர்கள் எதைத் தேடுகிறோம் என்று அறிந்தே நடந்தார்கள். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் அந்த வெள்ளைத் துண்டைத் தாண்டியே போயிருப்பார் என்று நம்புகிறேன். அடுத்த ஆண்டு அப்பல்லோ 17இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட் ஒருவர்தான் பன்னிருவரில் நிலவியலாளர். ஷார்ட்டி பள்ளத்தின் விளிம்பில் தம் காலடியில் கிளறப்பட்ட மண் ஆரஞ்சு நிறமாக இருப்பதைக் கவனித்து, உடனே அங்கே பள்ளம் தோண்டினார். பழைய எரிமலைச் சீற்றத்தில் தெறித்த கண்ணாடி மணிகள் கிடைத்தன.

இதை மாணவர்களுக்கு விளக்க ஏற்காட்டுச் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்ற பாறை வெளியே பழுப்பேறிக் கிடக்கும். உடைத்தால்தான் உள்ளே எண்ணெய் தடவியதுபோன்ற கருமை தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேலே போனால் அதே பாறை மழையில் கரைந்து சிதைந்து அலுமினியத் தாதுவான பாக்சைட்டாக மாறியிருக்கும். கீழே பார்த்ததையும் மேலே பார்த்ததையும் ஒரே பிற்பகலில் இணைத்துப் பார்த்து, எந்த இடத்தில் சுத்தியலை இறக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் திறமை பழகிய கண்ணுக்கு உண்டு. மனிதரை அனுப்புவதன் முழு நியாயமும் அதுதான்.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. அப்பல்லோவுக்கு அன்றைய மதிப்பிலேயே சுமார் 2,500 கோடி டாலர் செலவானது. 1967 ஜனவரியில் தரைச் சோதனையின்போது எழுந்த தீயில் மூன்று வீரர்கள் மாண்டார்கள். 1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16க்கும் 17க்கும் இடைப்பட்ட நாட்களில், சூரியனிலிருந்து வீசிய கதிர்வீச்சுப் புயல் யாரேனும் நிலவில் இருந்த நேரத்தில் வந்திருந்தால் அவர்களைக் கடுமையாகத் தாக்கியிருக்கும்.

கருவியை அங்கேயே அளக்கவிடும் வழிக்குச் சந்திரயான்-3இன் ரோவரான நம் பிரக்யானே சிறந்த எடுத்துக்காட்டு. சுமார் 615 கோடி ரூபாய்ச் செலவில் சென்ற சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கியது. 26 கிலோ எடையுள்ள அந்த ரோவர் ஏறக்குறைய 100 மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அந்த மண் பெரும்பாலும் அனார்த்தசைட் தன்மையே கொண்டது என்றும், பாறைக்குழம்புக் கடல் நிலவு முழுவதையும் மூடியிருந்தது என்ற கருத்துக்கு அது துணை நிற்கிறது என்றும் 2024இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. மனிதர் கால் படாத நிலப்பகுதியில் இதை இவ்வளவு குறைந்த செலவில் உறுதிசெய்ததை நான் பெருமையோடு சொல்கிறேன். ஆயினும் ஒரு நிலவுப்பகலோடு (பூமியின் கணக்கில் சுமார் 14 நாள்) அந்த ரோவரின் வாழ்வு முடிந்தது. கல்லின் வயதை அது சொல்ல முடியாது. அதற்குக் கல் பூமியிலுள்ள ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும்.

மூன்றாவது வழி நீண்ட காலம் குறைவாக மதிப்பிடப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் லூனா 16, 20, 24 மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது அரைக் கிலோவைக்கூட எட்டவில்லை. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்கே-5 கொண்டுவந்த 1,731 கிராம் அந்தக் கணக்கை மாற்றியது. அப்பல்லோ கொண்டுவந்த எரிமலைப் பாறைகள் 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவையாக இருக்க, சாங்கே-5 எடுத்தவை சுமார் 200 கோடி ஆண்டுகளே பழையவை. நிலவு அவ்வளவு பிற்காலத்திலும் கொதித்துக்கொண்டிருந்தது என்பது அதனால் தெரிந்தது. 2024இல் சாங்கே-6 நிலவின் மறுபக்கத்திலிருந்தே மண் கொண்டுவந்தது.

கையில் கல் இருப்பதன் அருமையை அப்பல்லோவின் கண்ணாடி மணிகளும் காட்டின. 1970களில் நிலவு வறண்டது என்றே எழுதப்பட்டது. 2008இல் புதிய கருவிகளால் அதே மணிகளை மீண்டும் ஆராய்ந்தபோது அவற்றுள் நீரின் தடயம் கிடைத்தது. அங்கேயே அளந்து நின்றுபோகும் கருவிக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை.

நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகிச் செல்வதை லேசர் கொண்டு அளக்கும் பணியில் மட்டும் மூன்று வழிகளுக்கும் வேறுபாடு இல்லை. அப்பல்லோ வீரர்கள் வைத்த பிரதிபலிப்பானும் சோவியத் லூனகோத் ஊர்தியில் பொருத்தியதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஆக, நம் நாட்டுக்கு இப்போது ஏற்றது மூன்றாவது வழியே என்பேன். 2024இல் 2,104 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற சந்திரயான்-4 அதற்கானதுதான். 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்கும் இலக்கை நான் எதிர்க்கவில்லை; ஆனால் கொடி நடுவதற்காக அன்றி, கல்லைத் தேர்ந்தெடுப்பதற்காக அவர் போக வேண்டும். அப்படிப் போகிறவர் சித்தம்பூண்டியில் பல வாரங்கள் வெயிலில் நடந்து பழக வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். உலகின் பெரும்பாலான அனார்த்தசைட்டுகளைவிட இங்குள்ளது கால்சியம் மிகுந்தது. அவ்வகையில் நிலவுக் கல்லுக்கு நெருக்கமானது.

நெருக்கமானதே தவிர, அதுவே அல்ல. சித்தம்பூண்டிக் கல்லின் வெண்மைக்கு நடுவே கரும்பச்சையாக ஹார்ன்பிளெண்ட் கனிமம் ஓடியிருக்கும். அதன் படிக அமைப்புக்குள்ளேயே நீர் அடங்கியிருக்கிறது. ஆதியாகமக் கல்லில் அந்தக் கறுப்பு இல்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போது, நான் முதலில் லென்ஸை வைத்துக் காட்டுவது அந்தக் கரும்பச்சைப் படிகத்தைத்தான்.