வால் முளைத்த சூபாக்கா: 480 ரூபாய்க்கு வாங்கலாமா?

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிற பொம்மைக் கடையில், போன வாரம் சூபாக்கா பொம்மை ஒன்று வாங்கினேன். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் உடம்பெல்லாம் முடியோடு வருமே, அந்தப் பாத்திரம். அக்கா மகன் பிறந்தநாளுக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன், உண்மையில் எனக்குத்தான் ஆசை. கடைக்காரர் 650 சொன்னார், பேசிப் பேசி 480-க்கு இறங்கி வந்தார். ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும்.

முடி அருமை. சீப்பால் வாரிப் பார்த்தேன், ஒரு இழை கையோடு வரவில்லை. படத்தில் யாக் முடியும் மொஹேர் என்ற ஆட்டு முடியும் வைத்துச் செய்த உடுப்பு அது, இந்த விலைக்கு நைலானில் இவ்வளவு வந்ததே பெரிது. தோளில் குறுக்கே போகிற தோட்டாப் பட்டைகூட சரியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பின்பக்கம் திருப்பினால், வால்! உள்ளே கம்பி வைத்து, மேலே வளைத்து, அழகர்கோயில் படிக்கட்டில் பொரி பாக்கெட்டைப் பிடுங்குமே குரங்கு, அதே மாதிரி வால். சூபாக்கா ஒரு வூக்கி, வூக்கிக்கு ஏதுங்க வால்? அது குரங்கே இல்லை, கஷீக் கிரகத்தில் ராட்சத மரங்களின் மேல் ஊர் கட்டி வாழ்கிற தனி இனம், 1977-ல் முதல் படம் வந்தபோதே கதைப்படி சூபாக்காவுக்கு 200 வயது. படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸுக்கு யோசனை வந்ததே காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் தன் நாயைப் பார்த்துத்தான். முகத்தில் குரங்குச் சாயல் இருப்பது வாஸ்தவம்: முகத்தைச் செய்த ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன், 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் குரங்கு மனிதர்களையும் செய்தவர்.

மறுநாள் கடைக்கு எடுத்துப் போனேன்.

"அண்ணே, இதுக்கு வால் வராதுண்ணே."

"குரங்குன்னா வால் இல்லாம எப்படி தம்பி?"

"குரங்குன்னே வச்சுக்கங்க. கொரில்லாவுக்கு, சிம்பன்சிக்கு எல்லாம் வால் இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கத்தரிச்சு விட்டுருங்க" என்றார். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது, அப்புறம் என்ன பேசுவது?

காலும் குட்டை. ஏழடிக்கு மேல் வளர்ந்த பீட்டர் மேஹியூ நடித்த பாத்திரம், இங்கே பார்த்தால் 1983-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக் குட்டைக் கரடிபோன்ற ஈவாக்குக்கு அண்ணன் மாதிரி நிற்கிறது. வயிற்றை அமுக்கினால் சத்தம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, வருகிறது, ஆனால் பசித்த பூனைக்குட்டி மாதிரி. கரடி, வால்ரஸ், சிங்கம் என்று எதையெதையோ கலந்து அந்த உறுமலை உருவாக்கிய பென் பர்ட் கேட்டால் அழுதுவிடுவார். ரெண்டு நாளில் அதுவும் நின்றுவிட்டது. மூன்று பட்டன் செல், மாற்ற வேண்டுமானால் பொடி ஸ்க்ரூடிரைவர் தேவை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம், அதில் ரெண்டு முடிக்கு. 300-க்குக் கிடைத்தால் வாங்குங்கள். வாலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன், பயல் விடவில்லை. இப்போது அந்த வாலை ஜன்னல் கம்பியில் சுற்றி, சூபாக்காவைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறான்.