மன்னாரில் ஒரு நாள் பறவைப் பயணம்: ஐந்துக்கு மூன்றரை

ஜனவரியில் அம்மாவோடு மன்னார் போயிருந்தேன். தங்கிய விடுதியே பறவை பார்க்கும் பயணமும் ஒழுங்கு செய்து தந்தது. வான், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, மணல்திட்டு வரை படகு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தரைக்கு வரவேண்டிய வான் ஏழு மணிக்குத்தான் வந்தது. பாலம் தாண்டி வங்காலைச் சரணாலயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பூநாரைகள் கானலில் நெளியும் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. அவர்கள் தந்த பைனாகுலரில் ஒரு பக்கம் முழுக்கப் பூஞ்சணம். அம்மா நாள் முழுக்க ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

ஆனால் வழிகாட்டித் தம்பிக்கு முழு மார்க். "இறங்காதீங்க அக்கா, வானுக்குப் பயப்படாது, ஆளுக்குத்தான் பயம்" என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடத்தில், விலகிப் போயிருந்த ஊசிவால் வாத்துகள் ஒவ்வொன்றாக வீதிப் பக்கமே திரும்பி வந்தன. வேலியில் இருந்த கரிச்சானை நான் கவனிக்கவே இல்லை. கொழும்பில் இதைப் பார்க்க முடியாது, வடக்கு, வடமேற்குக் கரையோரப் பறவை என்றார். கள்ளிப்புறாவும் கவுதாரியும் அப்படித்தானாம்.

கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது தலைமன்னாரில், உருமலைக் கரையில். நண்டு தின்னும் கரைப்பறவையான கிராப் ப்ளவர் பத்துப் பன்னிரண்டு நின்றன. கறுப்பு வெள்ளை உடம்பு, நீளக் கால், உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகு. ஒன்று நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, மணலில் குத்தி நண்டைத் தூக்கியது. கால்கள் தெறிக்கும்வரை உதறி விழுங்கியது. பக்கத்தில் தாயளவு வளர்ந்த சாம்பல் குஞ்சு ஒன்று, தானே பிடிக்காமல் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடியது. "எங்கட வீட்டிலயும் ஒன்று இருக்கு" என்றார் அம்மா. என்னைத்தான்.

பருத்த அடிமரம் கொண்ட பெருக்க மரத்தை (பாவோபாப்) பார்க்கப் பத்து நிமிடம் போதும். சாப்பாடு ஓராமீன் குழம்பு, நன்றாக இருந்தது; வானுக்குள் தலையை நீட்டிய கழுதைக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

போவதென்றால் சொந்தப் பைனாகுலர் கொண்டு போங்கள். நேரத்தை முதல்நாள் இரவே வான்காரரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள். காற்று என்று படகு விடவில்லை, அது நியாயம்தான். அதற்கான 3,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். இப்போது மார்ச்.