கெய்ஹின் பிடபிள்யூகே 28: கோத்தகிரி மலைப்பாதையில் எட்டு மாதங்கள்

இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் இந்தக் கார்புரேட்டரை முதல் மூன்று வாரங்கள் நான் தவறாகவே திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பரிகாரமாகவும் இதை எழுதுகிறேன்.

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 135. தோட்டப் பாதைகளில் மழைக்காலத்தில் சாதாரண வண்டி நிற்காது என்பதால் பட்டன் டயர் போட்டு, பின்சக்கரப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கி, சைலன்ஸரை மேலே தூக்கிக் கட்டி, சேற்றுக்கேற்ற வண்டியாக மாற்றி வைத்திருக்கிறேன். பழைய கார்புரேட்டரின் ஸ்லைடு (ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது மேலே எழுந்து காற்று வழியைத் திறக்கும் பாகம்) தேய்ந்து போனதும், 28 மி.மீ. வாயுள்ள கெய்ஹின் பிடபிள்யூகே வாங்கினேன்.

அதற்கு முன் ஒரு நகலை வாங்கி ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒருவர் 'அசல்' என்று விற்றார். பார்வைக்கு அச்சு அசல்தான். கையில் எடுத்து ஆட்டினால் ஸ்லைடு உள்ளே கடகடவென்றது. ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகில், துளையின் அளவைச் சொல்லும் எண் மங்கலாக இருந்தது. எண்ணை நம்ப முடியாத ஜெட்டை வைத்துக்கொண்டு டியூனிங் செய்வது, முத்திரையில்லாத படிக்கல்லை வைத்து நகை எடை போடுவது போன்றது. இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்தாலும் அசலையே வாங்குங்கள்.

இனி அந்த மூன்று வாரக் கதை. பொருத்தியதும் கீழ்வேகத்தில் வண்டி நன்றாகவே இழுத்தது. ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கினால் மட்டும் ஓர் எல்லைக்கு மேல் போகவில்லை. முழுத் திறப்பில் பெட்ரோலை அளக்கும் மெயின் ஜெட்தான் பெரிதாகிவிட்டது என்று 125-ஐ எடுத்து அதைவிடச் சிறிய 122 போட்டேன், பிறகு 118. எந்த வித்தியாசமும் இல்லை. ஜெட் மாற்றியும் வண்டி மாறவில்லை என்றால் பெட்ரோல் அந்த ஜெட்டின் ஆளுகைக்கே வரவில்லை என்று பொருள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி ஒருவர்தான் ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னார். "அண்ணா, முழுசாக முறுக்கிப் பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாய்க்குள் டார்ச் அடித்தார். பார்த்தால், ஸ்லைடின் கீழ் விளிம்பு துளையின் மேல் கால்பங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சிறிய கார்புரேட்டருக்கு ஏற்ற கேபிள் இழுப்பு, 28 மி.மீ. ஸ்லைடை மேலே வரை தூக்கப் போதவில்லை. முக்கால் திறப்பையே முழுத் திறப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்! பெரிய உருளையுள்ள கைப்பிடி மாற்றியதும் வண்டி சீறியது. ஆர்எக்ஸுக்கென்று செய்யாத பொருளை ஆர்எக்ஸில் மாட்டும்போது இதையெல்லாம் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஜினுக்கு ஆயிலை அளந்து விடும் ஆயில் பம்ப்பும் ஆக்சிலரேட்டர் கேபிளோடு இயங்குவது; அதன் கணக்கும் இதனால் மாறிவிடும் என்பதால் பம்ப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 30 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயிலை நானே கலந்து ஊற்றுகிறேன்.

அதன் பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. ஒவ்வொரு பாகமும் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது. கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். எந்தக் கோட்டில் வண்டி திணறுகிறது என்று பார்த்தால் எதைத் தொட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஐட்லிங்கும் தொடக்கத் திறப்பும் பைலட் ஜெட் என்ற சிறிய ஜெட், அதோடு சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குரூ ஆகியவற்றின் பொறுப்பு. கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கிப் பெட்ரோல் வழியை அடைத்துத் திறக்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். என் வண்டியில் 42 பைலட் ஜெட்டோடு ஏர் ஸ்குரூவை இரண்டே முக்கால் சுற்று வெளியே எடுத்தால்தான் ஐட்லிங் சீரானது. அவ்வளவு காற்று கேட்கிறது என்றால் பைலட் ஜெட் பெரிது. 40 போட்டேன், ஒன்றரைச் சுற்றில் வந்து நின்றது. அரைத் திறப்பில் சற்று அடைத்தாற்போல் கரகரத்தது. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன். ஊசி இறங்கி, பெட்ரோல் குறைந்து, அந்தக் கரகரப்பு போய்விட்டது. கிளிப் மேலே போனால் ஊசி கீழே போகும் என்பதை முதல் முறை செய்பவர்கள் குழப்பிக்கொள்வார்கள். நிதானமாக யோசித்துச் செய்யுங்கள்.

மெயின் ஜெட்டில் மட்டும் துணிச்சல் வேண்டாம். சென்ற ஆண்டு, பழைய கார்புரேட்டரில், கோத்தகிரிக் குளிரில் ஜெட்டைக் குறைத்து வைத்துவிட்டு அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கினேன். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. மேலே சரியாக இருந்த பெட்ரோல் கீழே அந்தக் கனத்த காற்றுக்குப் போதவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும். சமவெளிச் சாலையில் முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டி, கிளட்சைப் பிடித்ததால்தான் விழாமல் தப்பினேன். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டியதாயிற்று.

இப்போது மேலே 118, கீழே போவதென்றால் 122. கிளாம்ப்களைத் தளர்த்திக் கார்புரேட்டரைச் சாய்த்து, கிண்ணத்தைக் கழற்றி ஜெட் மாற்றப் பத்து நிமிடம் போதும். புது ஜெட் போட்டதும் நேரான ஏற்றத்தில் முழுதாக முறுக்கி ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். பீங்கான் பகுதி காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட். கறுத்து ஈரமாக இருந்தால் ஒரு படி சிறியது.

எட்டு மாதங்களில் ஒரு முறைகூடச் சேற்றில் நடுவழியில் நின்றதில்லை. அதிகாலைக் குளிரில் சோக் இழுத்து இரண்டாவது உதையில் எழுந்துவிடுகிறது. ஈரமான ஏற்றத்தில் கிளட்சைத் தொடாமல் இரண்டாவது கியரில் மெல்ல ஏற்ற முடிகிறது. பழையதில் அந்த இடத்தில் விக்கி நின்றுவிடும்.

பெட்ரோல் கூடுதலாகத்தான் குடிக்கிறது. மைலேஜ் முக்கியம் என்பவர்களும், வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிட நினைப்பவர்களும் இதை வாங்க வேண்டாம். வாங்குபவர்கள் மெயின் ஜெட்டில் நான்கு அளவு, பைலட் ஜெட்டில் இரண்டு அளவு சேர்த்தே வாங்குங்கள். கடையில் மிக்குனி என்ற வேறு கார்புரேட்டர் நிறுவனத்தின் ஜெட்டை எடுத்துக்கொடுத்து எண் ஒன்றுதான் என்பார்கள். இரண்டுக்கும் எண் கணக்கு வேறு.