வீட்டுக் கலைப்பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது: தானமா, இரவலா, உயிலா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, குழித்துறைப் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் வேகமாக இடிபட்டு வருகின்றன. செதுக்கு வேலையுள்ள கதவும் தூணும் பழைய சாமான் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகின்றன. சுவரில் மாட்டியிருந்த எண்ணெய் ஓவியம், பரணில் கிடந்த ஏட்டுச் சுவடி, தாத்தா காலத்துத் தோல்பாவைக் கட்டு போன்றவற்றை விற்க மனம் வராத வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது: "மியூசியத்துல குடுத்துரலாமே." நல்ல யோசனைதான். எந்த வகையில் கொடுப்பது, எந்த ஊரில் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளையும் முன்கூட்டியே யோசிக்காவிட்டால், அந்த நல்ல எண்ணம் பாதி வழியில் நின்றுவிடும்.

பலருக்கும் முதலில் பிடிப்பது இரவல். "பொருள் நம்முடையதாகவே இருக்கட்டும், அவர்கள் காட்சிக்கு வைத்துக்கொள்ளட்டும்" என்பது கேட்க இதமாக இருக்கும். கண்காட்சிக்காகச் சில மாதங்களுக்கு என்றால் அருங்காட்சியகங்கள் ஒப்புக்கொள்வது வழக்கம்தான். காலவரையறை இல்லாத இரவலுக்கு அவர்கள் தயங்குவார்கள், அதில் நியாயமும் உண்டு. அடுத்தவர் பொருளைச் சுத்தம் செய்து, பூச்சி அரிக்காமல் காத்து, களவுபோனால் பதிலும் சொல்ல வேண்டும். கொடுத்தவர் காலமானபின் அந்த ஓவியத்தை இடம் மாற்றக்கூட எல்லா வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படலாம். ஒருவர் துபாயில், ஒருவர் பெங்களூரில் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? குடும்பத்துக்கும் இதில் பெரிய நன்மை இல்லை. பாகப்பிரிவினைச் சண்டை வந்தால் அருங்காட்சியகத்துச் சுவரில் தொங்கும் படமும் வழக்குக்குள் வந்துவிடும்.

தானத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சொத்துரிமை மாற்றச் சட்டப்படி, அசையும் பொருளை ஒப்படைப்பதன் மூலமே தானம் செய்யலாம், பத்திரப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் எழுத்தில் ஒரு தானப் பத்திரம் இருப்பதே நல்லது. கொடுப்பவர் யார், பொருள் குடும்பத்துக்கு எப்படி வந்தது, அளவு என்ன, எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு முழு உரிமை மாறுகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வரைந்தவர் உங்கள் அப்பா என்றால் பதிப்புரிமை பற்றியும் ஒரு வரி சேருங்கள். படத்தைக் கொடுத்தால் பதிப்புரிமையும் தானாகப் போய்விடாது. கலைஞர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை அது வாரிசுகளிடம் இருக்கும். அனுமதி எழுதித் தராவிட்டால், அருங்காட்சியகம் அந்தப் படத்தை ஒரு கையேட்டில் அச்சிடவும் யோசிக்க வேண்டிவரும்.

நம் ஆட்கள் வழுக்குவது நிபந்தனையில். "எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும், தனி அறை வேண்டும், வேறு ஊருக்கு அனுப்பக்கூடாது." பாசத்தில் எழுதும் இந்த வரிகள் பொருளுக்கே விலங்காகிவிடும். ஸ்காட்லாந்தின் கப்பல் அதிபர் சர் வில்லியம் பர்ரெல் 1944-ல் தன் பெரும் சேகரிப்பை கிளாஸ்கோ நகரத்துக்குக் கொடுத்தபோது, நகரப் புகையிலிருந்து தள்ளியே கட்டடம் அமைய வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். பொருத்தமான இடம் எளிதில் கிடைக்கவில்லை. 1983-ல்தான் அந்த அருங்காட்சியகம் திறந்தது, பர்ரெல் மறைந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு. பொருட்களை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பக்கூடாது என்ற இன்னொரு நிபந்தனையைத் தளர்த்த 2014-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் புனேயில் இருக்கிறது. தினகர் கேல்கர் தன் வாழ்நாள் சேகரிப்பை 1975-ல் மகாராஷ்டிர அரசுக்குக் கொடுத்தார். சிறுவயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயர் இன்றும் அந்த அருங்காட்சியகத்தின் பெயரில் இருக்கிறது. கொடுத்தபின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்து, தன் பொருட்கள் மக்கள் பார்வையில் இருப்பதை அவரே கண்டார். பெயர்ப் பலகை கேளுங்கள், அதில் தவறே இல்லை. மற்ற ஆசைகளை "விருப்பம்" என்று எழுதுங்கள், "நிபந்தனை" என்று எழுதாதீர்கள்.

உயில் மூலம் கொடுப்பது கடைசிவரை பொருளைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புபவர்களுக்கு ஏற்றது. இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. நம் மாவட்டத்தின் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறக்காரியங்களுக்கு உயில் எழுதினால், சாவதற்கு ஓராண்டாவது முன்பே அதை எழுதியிருக்க வேண்டும் என்ற பழைய தடை இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் இருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று தள்ளிவிட்டது. இருந்தும் நான் உயிலை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். அருங்காட்சியகத்திடம் முன்கூட்டிக் கேட்காமல் எழுதிய உயிலை அவர்கள் ஏற்க மறுக்கலாம். பொருளின் கதையைச் சொல்லக்கூடியவரும் அப்போது உயிரோடு இருக்க மாட்டார்.

அந்தக் கதை வெறும் அலங்காரம் இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் பெரும் விலைக்கு வாங்கப்பட்டு, 2014-ல் இந்தியாவுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு "இது எப்படி உங்களிடம் வந்தது?" என்று கேட்காத அருங்காட்சியகத்தை நம்பக்கூடாது. பழைய பில், குடும்ப போட்டோவில் அந்தப் பொருள் தெரிவது, கடிதம் எதுவானாலும் சேர்த்துக் கொடுங்கள். 100 ஆண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவுச் சான்று இருந்தால் கைமாறியதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த சிலை உங்கள் தானப் பொருளே அல்ல. அது புதையல், கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

வரிச் சலுகையை நம்பிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு பணத்துக்குத்தான், பொருளுக்குக் கிடையாது.

சரி, எங்கே கொடுப்பது? மிக அருகில் இருப்பது கன்னியாகுமரியில் காந்தி மண்டபம் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம். நம் ஊர்ப் பொருள் நம் ஊரில் இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். கடல் பக்கத்தில் இருப்பதுதான் குறை. உப்புக் காற்று செம்புக்கும் வெண்கலத்துக்கும் ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் காகிதமும் கான்வாஸும் பூஞ்சை பிடிக்கும். சென்னை எழும்பூரில் 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு உலோகங்களையும் ஓவியங்களையும் பாதுகாக்கும் வேதியியல் ஆய்வகம் உண்டு. ஆனால் 700 கிலோமீட்டர் தள்ளி, ஏற்கெனவே நிரம்பி வழியும் சேகரிப்புக்குள் நம் பொருள் இருப்பறையிலேயே தங்கிவிடலாம். இரண்டும் ஒரே துறையின் கீழ் வருபவை என்பது ஒரு வசதி. அதனால் இங்கே கொடுத்து, சிகிச்சை தேவையென்றால் அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையைச் சிலர் யோசிப்பார்கள். அரண்மனை நிற்பது நம் மண்ணில். 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதன் நிர்வாகம் கேரள அரசிடம்தான் இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்து மரவேலை, விளக்கு போன்றவை அந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பதை மறுக்க முடியாது. அங்கே கொடுப்பது கேரள அரசுக்குக் கொடுப்பதுதான் என்பதை மட்டும் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்தே முடிவெடுக்கட்டும். எண்ணெய் ஓவியத்துக்கு என்றால் நான் எல்லையைப் பார்க்க மாட்டேன். ரவிவர்மா படங்களைக் காத்துவரும் ஸ்ரீசித்ரா கலைக்கூடம் 1935 முதல் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், சென்னையைவிட எத்தனையோ பக்கம்.

தோல்பாவை, வில்லுப்பாட்டுக் கருவிகள் போன்றவற்றை நான் மாவட்டத்தை விட்டு வெளியே அனுப்ப மாட்டேன். ஆடிய கலைஞர்களும் பார்த்த சனங்களும் இங்கேதான் இருக்கிறார்கள். பாவையோடு எந்தக் கதைக்கு எந்தப் பாத்திரம் என்று கலைஞரிடம் கேட்டு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் சீதை எது, சூர்ப்பனகை எது என்றே தெரியாமல் பெட்டிக்குள் கிடக்கும்.

ஏட்டுச் சுவடி மட்டும் அருங்காட்சியகத்துக்கே வேண்டாம் என்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஏடு தெரியும், மீதியை யாரும் படிக்க முடியாது. வர்மம், வைத்தியம் பற்றிய தமிழ்ச் சுவடி என்றால் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். மலையாள எழுத்தில் இருந்தால் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம். எங்கே கொடுத்தாலும் முதலில் போட்டோவும் கடிதமும் அனுப்புங்கள், சுவடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஒப்படைக்கும் நாளில் ஏடுகளின் எண்ணிக்கையும் பதிவேட்டு எண்ணும் எழுதிய ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.