படர்தாமரைக்கு மாத்திரை: இட்ராகொனசோலா, டெர்பினாஃபினா, ஃப்ளூகொனசோலா?

அரையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டவட்டமாக அரிக்கும் படர்தாமரை களிம்புக்கு அடங்கவில்லை என்றால், தோல் மருத்துவர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். உடனே எல்லாரும் கேட்பது, "இதில் எது பவர் ஜாஸ்தி?" என்னைக் கேட்டால், வீட்டு மாத்திரை டப்பாவில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்விக்கே வர வேண்டும். கேஸ், கொழுப்பு, சுகர், இதயம் என்று நாம் தினமும் விழுங்கும் மாத்திரைகளோடு இவை மூன்றும் மூன்று விதமாக மோதும்.

டெர்பினாஃபின் உட்கொள்ளச் சுலபமானது. வழக்கமாக நாளுக்கு ஒரு 250 மி.கி. மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை இல்லை. மோதலும் குறைவு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் மெட்டோப்ரோலால் போன்ற இதய மாத்திரைகளும் எடுப்பவர்கள் மட்டும் சொல்லிவிட வேண்டும். நகத்தில் வரும் பூஞ்சைக்கு இன்றும் இதைத்தான் முதலில் நினைப்பார்கள்: கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கோர்ஸ் முடிந்தும் நகம் அசிங்கமாகவே இருக்கிறதே என்று நீங்களாக நீட்டிக்க வேண்டாம். புது நகம் வளர்ந்து வரப் பல மாதம் ஆகும். நாக்கில் ருசி போவது இதற்கே உரிய தொந்தரவு, சிலருக்கு வாரக்கணக்கில் திரும்பாது. ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. இன்னொன்று, தேமலுக்கு டெர்பினாஃபினை மாத்திரையாக விழுங்கிப் பயனில்லை.

படர்தாமரையில்தான் இதன் மவுசு குறைந்துவிட்டது. பூஞ்சையின் ஒரு நொதியை முடக்கித்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. இந்தியாவில் பரவியிருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே (2020இல்தான் இதற்கு இந்தப் பெயர் வந்தது) என்ற பூஞ்சையில் பல வகைகள் அந்த நொதிக்கான மரபணுவையே மாற்றிக்கொண்டுவிட்டன. மருந்து போகிறது, பூஞ்சை அசைவதில்லை.

அந்த இடத்துக்கு வந்ததுதான் இட்ராகொனசோல். ஆனால் மூன்றிலும் அதிகம் கவனம் கேட்பது இதுதான். சாதாரண கேப்சூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் வயிறாரச் சாப்பிட்ட கையோடு, பிரிக்காமல் முழுசாக விழுங்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோலோ ஒமிப்ரசோலோ போட்டு அமிலத்தை அடக்கிவிட்டு இதை விழுங்கினால், பாதி காசு வீண். மருந்து கேட்கவில்லை என்று புலம்புகிறவர்களில் இந்தக் கூட்டணி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாராவது விசாரித்தால் நல்லது. அமிலம் குறைந்தவர்கள் சர்க்கரை உள்ள கோலா பானத்தோடு விழுங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது! சுகர் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு பாட்டிலைத் திறக்க வேண்டாம். கேஸ் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்பதே வழி. இதே மருந்து திரவமாக வந்தால் விதி தலைகீழ்: வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். 'சூபா' என்ற வகையும் கடையில் உண்டு. அதன் 65 மி.கி. ஏறக்குறைய சாதாரண 100 மி.கி.க்குச் சமம். கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மற்ற மாத்திரைகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை இட்ராகொனசோல் தடுத்துவிடும். சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையோடு சேரவே கூடாது. அதன் அளவு ரத்தத்தில் எகிறி, தசை சிதையலாம். அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்குத் தோல், நகப் பிரச்சினைக்காக இதைத் தருவது நியாயமில்லை, இதயத் துடிப்பின் பலத்தையே இது குறைக்கக்கூடும். கோர்ஸின் நடுவே கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

ஃப்ளூகொனசோலுக்குச் சாப்பாடும் தடையில்லை, கேஸ் மாத்திரையும் தடையில்லை. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றுக்கு ஒரே ஒரு 150 மி.கி. பல சமயம் போதும். படர்தாமரைக்கு வாரம் ஒன்று என்று எழுதுவார்கள், அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. க்ளிமிபிரைடு வகை சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு. சிறுநீரகம் வழியாகவே பெரும்பகுதி வெளியேறுவதால், கிரியாட்டினின் கூடியவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும். மெதுவாகத்தான் வெளியேறும், கடைசி மாத்திரைக்குப் பிறகும் சில நாள் மோதல் தொடரும்.

பழைய பூஞ்சை மருந்தான க்ரிசியோஃபல்வின் குழந்தைகளின் தலைப் படைக்கு இன்னும் உதவுகிறது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். கீட்டோகொனசோலை மாத்திரையாக யாராவது நீட்டினால் தள்ளிவிடுங்கள். ஈரலைக் கெடுப்பதால் 2013இலேயே ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்தச் சொன்னது, அமெரிக்காவும் தோலுக்கும் நகத்துக்கும் வேண்டாம் என்றது. ஷாம்பு வேறு கதை.

கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயன்றாலோ எந்த மாத்திரைக்கு முன்னாலும் சொல்லிவிட வேண்டும். இட்ராகொனசோல் முடித்த பிறகும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். க்ரிசியோஃபல்வின் எடுத்த ஆண்களுக்கு அது ஆறு மாதம்.

படர்தாமரைக்கு, இதயமும் டப்பாவும் இடம் கொடுத்தால் நான் இட்ராகொனசோல் பக்கம். கேஸ் மாத்திரையை விடவே முடியாதவர்கள் மருத்துவரிடம் டெர்பினாஃபினைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம். எதுவானாலும் நீண்ட கோர்ஸ் என்றால் ஈரல் ரத்தப் பரிசோதனை முதலிலேயே வேண்டும். நடுவில் பசி செத்து, வாந்தி வந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.