எஃப்.எச்.ஏ. கடன்: 3.5 சதவீத முன்பணத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

நியூஜெர்சியில் 1962-ல் கட்டின வீடு, எஃப்.எச்.ஏ. (அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பு) கடனில் வாங்கி போன மாதம்தான் சாவி கைக்கு வந்தது. கடன் கொடுத்த லெண்டர் பெயர் வேண்டாம், அனுபவத்தை மட்டும் சொல்கிறேன், கிரீன் கார்டு வைத்திருக்கும் நம்மாட்களுக்கு உதவும் (எச்1பி-காரர்களுக்கு 2025 மே 25-லிருந்து இந்தக் கதவு மூடிவிட்டது).

முதலில் போன லெண்டரிடம் கடன் ஆபீசர் தேனொழுகப் பேசினார். முன்பணத்துக்காக ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தைத் தம்பி கணக்கில் போட்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்துப் போன லெண்டர் நேர் எதிர். திருப்பித் தரவேண்டாம் என்று அப்பா கையெழுத்துப் போட்ட கிஃப்ட் லெட்டர் போதாதாம், பணம் அவர் கணக்கிலிருந்து கிளம்பிய தடமும் வேண்டும். கூட்டுறவு வங்கி பாஸ்புக்கில் தமிழில் கிறுக்கியிருந்த ‘வைப்பு முடிப்பு’ என்ற ஒற்றை வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். “பெத்த பிள்ளைக்குக் குடுக்க எதுக்குடா பத்திரம்?” என்று அப்பாவுக்குக் கோபம்.

எரிச்சல்தான், ஆனால் அவர்கள் பயமும் புரிகிறது. எஃப்.எச்.ஏ. கடன் தருவதில்லை, கடன் திரும்பி வராவிட்டால் என்று லெண்டருக்குக் காப்பீடுதான் தருகிறது. விதிப்படி அலசினோம் என்று லெண்டர் சான்று கொடுப்பதை நம்பித்தான் அந்தக் காப்பீடே. தகுதியில்லாத கடன்களுக்கு அப்படிச் சான்று கொடுத்த விவகாரத்தில் வெல்ஸ் ஃபார்கோ 2016-ல் 120 கோடி டாலர் கட்டியது.

ஆனால் எல்லாமே அரசு விதி என்று தலையாட்டாதீர்கள். கிரெடிட் ஸ்கோர் 640 வேண்டும் என்றார்கள், 3.5 சதவீத முன்பணத்துக்கு எஃப்.எச்.ஏ. கேட்பது 580. இது ஹட் (எஃப்.எச்.ஏ.வை நடத்தும் அமெரிக்க வீட்டுவசதித் துறை) கையேட்டில் இருக்கிறதா, உங்கள் கம்பெனி விதியா என்று கேட்டபிறகுதான் ‘ஓவர்லே’ (அரசு விதிக்கு மேல் லெண்டர் தானாகச் சேர்க்கும் நிபந்தனை) என்ற வார்த்தையே வெளியே வந்தது. எனக்கு 655, தப்பித்தேன்.

கராஜ் ஜன்னல் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது. 1978-க்கு முந்தைய வீடு, பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, அப்ரைசர் (வீட்டை மதிப்பிடுபவர்) மறுபடி வந்து பார்க்கிற வரை ஃபைல் நகரவில்லை. எட்டு நாள் போச்சு.

கோபம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில்தான். எடுத்தவுடன் 1.75 சதவீதம், அதாவது நாலு லட்சம் டாலருக்கு 7,000, அதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் மாதாமாதம் வேறு, முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் ரீஃபைனான்ஸ் செய்தாலொழிய (வேறு கடன் வாங்கி இதை அடைத்தாலொழிய) 30 வருடமும் விடாது. நான் துருவிக் கேட்டபிறகே சொன்னார்கள், அதற்கு ஒரு நட்சத்திரம் கழித்தேன். ஒரே சம்பளச் சீட்டை மூன்று தடவை கேட்டதற்கு அரை.